உறுமிக்கு நடுவே ஒரு பால் மணி

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஆறு வருடம் பிடில் கற்றதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எழுபதுகளின் கடைசி அது. வெறும் கீர்த்தனை போதவில்லை. எங்கள் தோட்டத்து உறுமி மேளமும், ரப்பர் ஆலையின் இரைச்சலும், என் கல்யாணி ராகமும் ஒரே மேடையில் ஒலிக்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு பிடித்தது. கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரம், புகைக்கூடத்துக் கதவு, வாத்துக் கூட்டம் என்று அகப்பட்டதையெல்லாம் பதிவு செய்தேன். சேதி கேட்ட என் வாத்தியார், "கல்யாணிய ஏம்ப்பா வாத்துக்கிட்ட விடுறே?" என்றார்.

உறுமிக் குழுத் தலைவரைத் தோட்டமே அண்ணன் என்றுதான் கூப்பிடும்; அவர் லேசில் மசியவில்லை. மூன்று மாதம் பின்னால் அலைந்து கெஞ்சியதில், மாரியம்மன் திருவிழா மாலையில் ஒரே ஓர் உருப்படிக்கு இடம் தந்தார்.

"சொதப்புனே, அப்புறம் எங்க பக்கமே வராத லா."

திருவிழா அன்றும் காலையில் பால்வெட்டு வழக்கம்போல உண்டு. நான் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோயிலில் ஒலிபெருக்கியைச் சோதித்தேன். அதன் குழாய், ரப்பர் காட்டைப் பார்த்திருந்ததைக் கவனிக்கவில்லை. வாத்துகள் கத்தி முடித்ததும் கேசட்டில் அடுத்து வந்தது பால் மணி. பால் வெட்டுகிறவர்கள் மரத்தைக் கீறிவிட்டு, அதில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடியும்வரை காத்திருப்பார்கள். பதினோரு மணிக்கு ஆலை வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்த பிறகுதான் பால் எடுக்கப் போவார்கள். நான் அதை ஒன்பதரைக்கே, அதுவும் மூன்று மடங்கு சத்தத்தில் அடித்துவிட்டேன்.

பத்தரைக்குள் தோட்டமே அரை வாளிப் பாலோடு, பால் நிறுக்கும் ஸ்டோர் முன்னால் வரிசையில் நின்றது. ஆட்களை மேய்க்கும் தண்டல், "எவன்டா மணி அடிச்சது?" என்று குதித்தார். எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள். வரிசையில் அண்ணனும் வாளியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பால் வெட்டும் அக்கா ஒருவர்தான் அவர் பங்குக்கும் சேர்த்து என்னை ஏசினார்.

"பிடில் வாசிக்கிற கைய வச்சிக்கிட்டு ஒனக்குச் சும்மா இருக்க முடியலியா?"

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் மேடைக்குப் பின்னால் பிடிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்து கேசட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பிடில் மட்டும்" என்றார். அந்த மட்டும் விட்டாரே என்று வாசித்தேன். நாலு உறுமிக்கு நடுவே என் கல்யாணி எனக்கே கேட்கவில்லை. கூட்டம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும், காலையில் ஏசிய அந்த அக்கா எழுந்தார்.

"அண்ணே, அந்த மணியப் போடச் சொல்லுங்க லா. தெனமும் அதக் கேட்டு ஓடுறோம், ஒக்காந்த எடத்துலேயே ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்."

கூட்டம் கை தட்டியது. அண்ணன் சிரித்துவிட்டார், கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மணி ஒலித்தது. உறுமி மெல்ல அதோடு சேர்ந்துகொண்டது. அதற்கு மேலே நான் கல்யாணியைப் பிடித்தேன். பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்கள். தண்டல் மட்டும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒக்காருங்க தண்டல்," என்றார் அக்கா. "இன்னிக்கு வேலை முடிஞ்சிருச்சி."