ரவைத் தட்டில் எழுதினது

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சின்ன டிபன் கடை. போன வாரம் என் பெண் யமுனாவை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தேன். இட்லி தீர்ந்துவிட்டது, உப்புமாதான் இருக்கிறது என்றான் கடைக்காரன். வேண்டாம் என்று எழுவதற்குள் ரவை வறுபடுகிற வாசனை வந்து தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டது. உங்களுக்கு உப்புமா என்றால் அவசரத்துக்கு வந்த விருந்தாளி ஞாபகம் வரலாம். எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பாடத்தைத்தான் உப்புமா கிண்டித் துன்னோம்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஆந்திர எல்லையில், குடிபாலா பக்கம் போர்வெல் மோட்டார் எரிந்தால் என் கடைக்குத்தான் வரும். மூன்று ஃபேஸில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். திரும்ப மாற்றினால் சரியாகிவிடும். என் மொத்த ஞானமும் அவ்வளவுதான். அதை மோட்டாரோடு நிறுத்தியிருக்கலாம். பெண்ணுக்கும் வயரை மாற்றிப் பார்த்தேன்.

யமுனா வாய் திறந்தால் மூடமாட்டாள். ஒரு கதையை ஒருதரம் கேட்டால் போதும், நாலு பொய் சேர்த்துத் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமை. தெலுங்குப் பள்ளிக்கூடத்து சார் ரொம்ப நாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மீ இன்ட்லோ அரவம் கதா? அந்துக்கே" என்றார். அரவம் என்றால் நம் தமிழ்தான். வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளைக்குத் தெலுங்கு ஏறவில்லையாம். சரி, வீட்டிலும் தெலுங்கே பேசுவோம் என்று ஆரம்பித்தோம். எனக்கும் என் மனைவி கஸ்தூரிக்கும் சந்தையில் பேசுகிற தெலுங்கு, மண்டல ஆபீஸில் பேசுகிற தெலுங்கு எல்லாம் சரளம். ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு வேண்டிய தெலுங்கு இரண்டு பேரிடமும் கைவசம் இல்லை. கஸ்தூரி கையை ஓங்கிக்கொண்டு வருவாள், சொல் கிடைக்காமல் பாதியில் நிற்பாள். அந்தக் கொஞ்ச நாள் மாதிரி எங்கள் வீடு அமைதியாக இருந்ததே இல்லை. எழுத்து மட்டும் வரவில்லை.

அப்புறம் காட்பாடியிலிருந்து கஸ்தூரியின் தம்பி வந்தான். "தமிழ்ப் புள்ளைக்குத் தெலுங்கு எப்டி மாமா ஏறும்? எங்கூட அனுப்பு. தமிழ் ஸ்கூல்ல போட்டா பிச்சிக்கினு போவும்."

எங்கள் எல்லைக் கிராமங்களில் இது ஒரு கைவைத்தியம். பிள்ளை படிக்கவில்லையா, மொழியை மாற்று. இந்தப் பக்கத்துப் பிள்ளை அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கம் வரும். நானும் வயரை மாற்றினேன். வருஷக் கடைசியில் மச்சான் கொண்டுவந்து விட்டுவிட்டான். "அங்கயும் அப்டியேதான் கீது மாமா." இப்போது இரண்டு மொழியிலும் அரைகுறை எழுத்து. காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பை மட்டும் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் மைக்கில் பேசுகிற அம்மா மாதிரியே சொல்லிக் காட்டினாள். ரயில்வேயே ஏமாந்திருக்கும்.

கடைசியில் ஒரு டாக்டர் சொல்லி, திருப்பதியில் படிப்பு வராத பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு மேடத்திடம் கூட்டிப் போனோம். அரைநாள் எதையெதையோ சொல்லச்சொல்லி, எழுதச்சொல்லிப் பார்த்தார். "இதுக்குப் பேரு டிஸ்லெக்ஸியா. புத்தியெல்லாம் நல்லாவே இருக்கு. எழுத்தும் சத்தமும் ஒண்ணு சேர்றதுதான் கஷ்டம். எந்த மொழியில போட்டாலும் இதே கஷ்டம் கூடவே வரும்."

நான் பெரிய புத்திசாலி மாதிரி, "இங்கிலீஷ் மீடியத்துல போட்டா மேடம்?" என்று கேட்டேன். டெஸ்ட் வைக்கவேண்டியது பெண்ணுக்கா அப்பனுக்கா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

தெலுங்கு ஒன்றையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் ஓர் எழுத்து. எழுதும்போதே அதன் சத்தம். தினமும் கொஞ்ச நேரம். திட்டக்கூடாது. "இன்னும் சின்ன வயசுலயே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தெலுங்கு எழுத்துக்கு ரவை நல்ல பொருத்தம். எல்லாமே ஜாங்கிரி பிழிகிற கைவாகு. ராத்திரி எழுதின ரவையைக் கஸ்தூரி காலையில் வறுத்துவிடுவாள். ஒருநாள் யமுனா 'அம்மா' என்று முழுசாக எழுதி, விரல் வைத்துப் படித்தும்விட்டாள். கஸ்தூரி தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்ட ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் எழுத்து கலைந்து வெறும் ரவையாகிவிட்டது. பக்கத்து வீட்டம்மா, "இன்னாடி, எப்ப வாங்கின ரவை இது? இப்ப திருப்பிக் குடுக்கற?" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் யமுனாவுக்கு அதே எழுத்து வரவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நைனா, நேத்து இங்கதான இருந்துச்சு?"

"அதான் பக்கத்து வீட்ல துன்னுட்டாங்களே" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

எங்கள் தட்டில் ஓர் எழுத்து நிலைப்பதற்குள் பள்ளிக்கூடம் ஒரு பாடம் தாண்டிவிடும். மேடமும் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஹைஸ்கூலில் எழுந்து படி என்று நிற்கவைத்தார்கள், வகுப்பே சிரித்ததாம். அன்றைக்குச் சாயங்காலம் நான் தட்டைப் பரப்பினேன். யமுனா ரவையை அப்படியே டப்பாவில் கொட்டி மூடினாள். "போதும் நைனா. உப்புமா துன்னு துன்னு நாக்கே செத்துப்போச்சு."

அழாமல் சொன்னாள். அடி விழுகிற இடத்தில் ஒரு ஜோக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது என் பழக்கம். என்னிடமிருந்து அவள் முழுசாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. 'சரி' என்று ஒரு சொல் சொல்வதானாலும் வாய்ஸ் மெசேஜ்தான். பஸ்ஸைக் கண்டக்டரிடம் கேட்டு ஏறிவிடுகிறாள்.

சின்ன வயசில் பஸ்ஸில் போனால் ஜன்னலை விட்டு நகரமாட்டாள். ஒவ்வொரு போர்டுக்கும், "அது இன்னா எழுத்து நைனா? அது?" என்று சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் என் உயிரை எடுப்பாள். ஒன்றும் நிற்காது, ஆனாலும் கேட்பாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, விளையாட்டுக்கு, பஸ் நெற்றியில் இருந்த போர்டைக் காட்டி, "அது இன்னா எழுத்துடி?" என்றேன்.

"நீதான் படிச்சவனாச்சே நைனா, நீயே சொல்லு" என்று சிரித்தாள். போர்டு இருந்த பக்கம் அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.