வாசனை வருதாம்மா?

சமையலறைக்குள் நுழைந்ததும் புருஷோத்தமன் அடுப்பைப் பார்ப்பதில்லை. முட்டி போட்டு, கன்னம் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து, சுவரின் அடிப்பக்கத்தைப் பார்ப்பான். அங்கே வெளிக்காற்று வர ஓர் ஓட்டை இருந்தால் எழுந்து பையைத் திறப்பான். இல்லையென்றால் பை திறக்காது.

“மேல இவ்ளோ பெரிய ஜன்னல் கீதேண்ணா, போதாதா?”

“ஜன்னல் உனுக்கும்மா. கேஸுக்கு இல்ல. அது தண்ணி மாதிரி, கீழதான் ஓடும். கீழ வழி இல்லன்னா இந்த ரூமு ஒரு தொட்டி.”

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூரில் உள்ள ஒரு கேஸ் ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாக மெக்கானிக். கார்வேட்டிநகரம், வெதுருகுப்பம் பக்கத்து ஊர்களெல்லாம் அவன் பொறுப்பு. அந்தப் பக்கம் சிலிண்டரை யாரும் சிலிண்டர் என்று சொல்வதில்லை. தெலுங்கில் பாறாங்கல்லுக்கு உள்ள பெயரையே அதற்கும் வைத்துப் பண்டா என்பார்கள். பண்டாவை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதில் புருஷோத்தமன் கலெக்டர் வந்து சொன்னாலும் கேட்க மாட்டான்.

புது வீடுகளில் அடுப்பு மேடைக்குக் கீழே கதவு போட்டுப் பண்டாவை உள்ளே மூடி வைக்கிறார்கள். அவன் முதலில் செய்வது திருப்புளியை எடுத்து அந்தக் கதவைக் கழற்றுவது. “பண்டாவுக்கு வெக்கம் கிடையாதும்மா. தெறந்தே இருக்கட்டும்.” வெள்ளிக்கிழமை இறங்கிய பண்டாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற வழக்கமும் உண்டு. “பொட்டு வெச்சிக்கோ, வேணாங்கல. கற்பூரத்த சாமி படத்துக்குக் காட்டு. இந்த சாமி கேட்ட உடனே வரம் குட்த்துடும்.” பண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் காமாட்சி விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்ல மாட்டான். கையைக் கழுவிக்கொண்டு, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் விளக்கைத் தூக்கிப் போய்க் கூடத்தில் வைத்துவிட்டு வருவான்.

பிறகுதான் சோப்புத் தண்ணீர். பழைய எண்ணெய் பாட்டிலில் கரைத்த சோப்பு. முகம் மழிக்கிற பிரஷ் ஒன்று. ரெகுலேட்டரின் கழுத்து, ரப்பர் குழாயின் இரண்டு முனை, அடுப்பின் திருகு என்று ஒவ்வோர் இடமாகத் தடவி, குமிழி எழுகிறதா என்று இமைக்காமல் பார்ப்பான். ஓர் இடத்துக்கு அறுபது எண்ணிக்கை. பத்தாவது வரை தெலுங்கில் படித்தவன் என்பதால் எண்ணுவதும் தெலுங்கில். அரவைக்கு, அதாவது அறுபதுக்கு, குமிழி வராமல் போய் அரவை எனிமிதிக்கு, அறுபத்தெட்டுக்கு, வந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அறுபது எழுபதாயிற்று. குழாய் மாற்ற வேண்டிய வருடத்தைச் சுவரில் மார்க்கரால் எழுதுவான். வெள்ளையடித்தால் அந்த எழுத்தைச் சுற்றி அடிக்க வேண்டும் என்பது அவன் கட்டளை; பல வீடுகளில் அப்படியே அடித்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்த பின் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே கேள்வி கேட்பான்.

“வாசனை வருதாம்மா?”

அந்தக் கேள்விக்காகவே பெண்களுக்கு அவனைப் பிடிக்கும். “மத்தவன் வந்தா அவனே மூக்க உறிஞ்சிட்டு, ஒண்ணுமில்லன்ட்டு பூடுவான். இந்த அண்ணன்தான் நம்மளயும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்கறாரு.”

மதிப்பு உண்மைதான். ஆனால் கேள்விக்குக் காரணம் அது இல்லை. கொரோனா இரண்டாவது முறை வந்த வருடம் பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். எழுந்தபோது மூக்கு போயிருந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குப் போய், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. புருஷோத்தமனுக்கு வரவில்லை. ஆறு மாதம் தினமும் காலையில் எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்து பார்த்தான். பிறகு பழத்தைக் கீறுவதை நிறுத்திவிட்டான்.

வெதுருகுப்பத்தில் இருக்கும் அக்கா வெங்கடலட்சுமிக்கு மட்டும் தெரியும். அவள் ஐந்தாவதோடு நின்று, கரும்பு வெட்டி, தம்பியைப் படிக்க வைத்தவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கூட, “ஒங்கூட்டு பண்டா எந்தம்பி வெச்சதா? வேற எவனாவது வெச்சதா?” என்று கேட்கிற பெருமை அவளுக்கு. ஒருநாள் அவள் கொல்லைக்குப் போய் வருவதற்குள் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை நாற்றம். தம்பி இரண்டடி தூரத்தில் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“டேய், இங்கியே குந்திகினு கீற. பால் தீயறது தெரில?”

அவன் சொன்னான். அவள் கரித்துணியை மேடையில் போட்டாள்.

“ஆருக்கும் சொல்லாத. கேஸ் வேல செய்யறவனுக்கு மூக்கு இல்லன்னா எவன் வேல குடுப்பான்? காவ்யா படிப்பு முடியட்டும்.”

காவ்யா அவன் மகள். திருப்பதியில் நர்சிங் இரண்டாம் வருடம். அவன் யாருக்கும் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீரை இன்னும் கெட்டியாகக் கரைத்தான். அந்தக் கேள்வியை அன்றிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தான்.

சோப்பு பொய் சொல்லாது. ஆனால் அதற்குத் தடவிய இடம் மட்டும்தான் தெரியும். தடவாத இடத்தைக் காட்டிக்கொடுக்க மூக்கு ஒன்றுதான் உண்டு. இதைப் புருஷோத்தமன் அறிந்தே இருந்தான். அதற்குத்தான் மற்றவர் மூக்கைக் கடன் வாங்கினான். கடன் கொடுப்பவர் பொய் சொல்வார் என்று அவன் நினைக்கவில்லை.

கார்வேட்டிநகரம் பஸ் நிற்கிற இடத்தில் ரத்தினம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அறுபது வயது, புருஷன் இல்லை, மகன் சென்னையோடு போனவன். போன கார்த்திகையில் ஒரு மாலை, அடுப்பு சிறுத்து எரிகிறது என்று கூப்பிட்டனுப்பினாள். போய்ப் பார்த்தால் கடையில் வீட்டுக்கான சிவப்புப் பண்டா. கடைக்கு நீலப் பண்டாதான் வைக்க வேண்டும் என்று முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தான்.

“அடுத்த மாசம் மாத்திக்கிறேன் நைனா. சாமி மேல ஆணை.”

“போன வாட்டியும் அதே சாமிதாம்மா.”

“அவரு கோச்சிக்க மாட்டாரு, உடு.”

பர்னரில் அடைப்பு. எடுத்தான். குழாய் முனைகளில் சோப்பு தடவி எழுபது எண்ணினான். குமிழி இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான். “வாசனை வருதாம்மா?”

ரத்தினம்மா அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்றிருந்தாள். “இல்ல நைனா. ஒண்ணும் வர்ல.”

கசிவு இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் கொடுத்த இரண்டு இட்லியை ருசி தெரியாமல் தின்றுவிட்டுப் போனான்.

மூட்டைகளுக்குப் பின்னால் இன்னொரு பண்டா இருந்தது. யாரிடமோ கூடுதல் விலைக்கு வாங்கியது; வாயை அடைக்கும் மூடி இல்லாதது. நிற்க வைத்தால் தெரிந்துவிடும் என்று படுக்க வைத்துச் சாக்கு போட்டிருந்தாள். மறுநாள் விடியலில் ஷட்டரைத் தூக்கி, அடுப்பைப் பற்ற வைத்தாள். கடையின் தரையெல்லாம் ஒரே நொடியில் நீலமாக எரிந்தது என்று எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொன்னார்கள். வலது கை தோள் வரைக்கும், கழுத்தில் பாதியும் வெந்துபோயிற்று. திருப்பதி பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் புருஷோத்தமனின் தாளைப் பார்த்தார்கள். ஒளித்து வைத்த பண்டாவுக்கு மெக்கானிக் என்ன செய்வான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஏஜென்சியில் கூட வேலை செய்கிறவர்கள் முதுகில் தட்டினார்கள். “நீ சேஃப் அண்ணா. பேப்பர் க்ளீன்.” அவன் தலையாட்டினான். அன்று மத்தியானம் கொண்டுபோன சோற்றுப் பாத்திரம் திறக்காமலேயே வீட்டுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனான். கொசுவலை போட்ட கட்டிலில் இருந்து ரத்தினம்மாதான் முதலில் பேசினாள்.

“நாந்தான் பொய் சொன்னேன் நைனா. வாசன வந்துகினுதான் இருந்துது. நீ பாத்தா ரெண்டு பண்டாவயும் தூக்கினு பூடுவியேன்னு பயம். உம்மேல ஒரு தப்பும் இல்ல. உனுக்கே வர்லன்னதும், சரி, கொஞ்சமாத்தான் கசியுதுன்னு நெனச்சிகினேன்.”

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான். நர்ஸ் வந்து, நேரமாச்சு, கிளம்புங்கள் என்றாள். வாங்கிப்போன சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு மூன்று முறை போனான். மூன்று முறையும் சாத்துக்குடி மட்டும்தான் கொடுத்தான்.

இப்போதெல்லாம் அவன் வேலைக்கு நேரம் அதிகம் ஆகிறது. மூட்டையை நகர்த்துகிறான், கட்டிலுக்கடியில் டார்ச் அடிக்கிறான், குளியலறைக் கதவைத் திறந்து பார்க்கிறான். “இன்னாண்ணா, திருடனா தேடற?” என்று பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்னும் கேட்கத்தான் செய்கிறான். பதில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் பதில் சொன்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாசி மாதம் ரத்தினம்மா கடையை மறுபடி திறந்தாள். திறப்பதற்கு முந்தின இரண்டு நாளும் புருஷோத்தமன் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தான். பின்சுவருக்கு வெளியே, வெயில் படாத பக்கம், சிமெண்டு மேடை. அதன்மேல் நாலு பக்கமும் காற்றுப் போகிற கம்பிக்கூண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்கும் இரண்டு நீலப் பண்டா. சுவரைத் துளைத்து வரும் பைப்பு. ரத்தினம்மாவின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் மூடும் குழாய். வலது கை இனி அவ்வளவு உயராது. கூண்டுக்குப் பூட்டு, சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

“சாமிக்குக் கூட இப்டி கோயில் கட்டமாட்டான் நைனா எவனும்.”

அவன் ஒவ்வோர் இணைப்பாகச் சோப்பு தடவினான். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் டெப்பை வரை, எழுபது வரை, எண்ணினான். எங்கும் குமிழி இல்லை. மறுபடி முதலிலிருந்து தடவி மறுபடி எண்ணினான். பிறகு பழக்கம்போல் தலையைச் சாய்த்தான், கேள்வி வரவில்லை.

ரத்தினம்மா லைட்டரை இடது கையில் வைத்துக்கொண்டு அடுப்பைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றாள். 

“எம்மூக்க நான் நம்பல நைனா. எங்க பாத்தாலும் அந்த வாசனதான் வருது, தூக்கத்துல கூட. நீ மோந்து சொல்லு. உன் வாயால வர்லன்னு சொல்லு, பத்த வெக்கறேன்.”

ஒரு சொல் போதும். சோப்பு சொன்னதைத்தான் அவன் சொல்லப்போகிறான், பொய்கூட இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ஏஜென்சி முதலாளிக்குத் தெரிந்தவர்கள்.

புருஷோத்தமன் பிரஷைக் கீழே வைத்தான். சாம்பாருக்காக எடுத்து வைத்திருந்த சாமான்களில் பெருங்காய டப்பா இருந்தது. அதன் மூடியைத் திருகித் திறந்தான். மூன்றடி தள்ளி நின்ற ரத்தினம்மாவுக்கே நெடி ஏறி மூக்கைச் சுளித்தாள். அவன் டப்பாவை மூக்கோடு ஒட்ட வைத்து, நெஞ்சு விரியும்வரை மூச்சை இழுத்தான். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். பிறகு மூடாமலேயே டப்பாவை அவளிடம் நீட்டினான்.