மூன்று மாத மாத்திரை

எச்.ஐ.வி. மருந்து வாங்க மாதம் ஒருமுறை மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே பெஞ்சில் ஓர் அக்கா என் பக்கத்தில் உட்காருவார். குழம்பு, மழை, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவோம். பேர் மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டோம். வெளியே எதிர்ப்பட்டாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். அங்கு வருகிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

இந்த முறை விதி மாறியிருந்தது. உடம்பு சீராக இருப்பவர்களுக்கு இனி மூன்று மாத மருந்து மொத்தமாகத் தருவார்களாம். வேலையிடத்தில் மாதாமாதம் பொய் சொல்லி லீவு கேட்க வேண்டாம். எனக்கு நிம்மதிதான். டப்பாக்கள் குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்கத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

எனக்கு ஒரு தேதியும் அக்காவுக்கு மறுவாரம் ஒரு தேதியும் போட்டார் நர்ஸ். அக்கா நகரவில்லை.

"சிஸ்டர், இவங்க தேதியே எனக்கும் போடுங்க."

"கூட்டம் சேரக்கூடாதுன்னுதாம்மா பிரிச்சுப் போடுறேன்."

"ரெண்டு பேரு கூட்டமா சிஸ்டர்? வேற எங்கயும் பயமில்லாம பேச முடியல."

நர்ஸ் தேதியைத் திருத்தினார்.

பஸ் ஸ்டாப்பில் வழக்கம்போலத் தள்ளித் தள்ளி நின்றோம். என் பஸ் முதலில் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை அன்பாக என்னிடமிருந்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.