மேசை மேல் இருந்த கத்தி

செல்போன் தொலைந்ததற்கு எழுதிக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஏட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"யோவ், கையெழுத்து போடத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப உள்ள வா."

மேசை மேல் செய்தித்தாளை விரித்து ஒரு கத்தியை வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு அக்காவின் மகளைப் புருஷனே குத்திக் கொன்றுவிட்டான் என்று எங்கள் பக்கமெல்லாம் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. தென்னேரி ஏரிக்கரையில் முள்புதருக்குள் ஒளித்திருந்த கத்தியை அவனே எடுத்துக் கொடுத்தானாம். அதை நான் கூடவே நின்று பார்த்ததாக, கத்தியைக் கைப்பற்றியதற்கான மகஜரில் எழுதியிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேனாவைக் கையில் திணித்துவிட்டார். நான்கு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் தறியில் தலை குனிந்து உட்காருகிறவன் நான். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போட்டுவிட்டேன்.

விசாரணைக்கு வர நான்கு வருடம் ஆனது. சம்மன் வரும், செங்கல்பட்டுக்குப் போவேன். ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் வக்கீல்கள் வரவில்லை. ஜாமீனில் வந்த புருஷன் மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அக்கா ஒரு வாய்தாவையும் விட்டதில்லை.

"தம்பி, எம்பொண்ணு வீட்டு மேல்வீட்டுக்காரி கூட சத்தம் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டா. இனிமே நீதான்பா. பாத்ததைச் சொல்லிடு, போதும்."

"சரிக்கா" என்பேன். அவரிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமான்னு சொல்லிட்டு எறங்கிடு. ரெண்டு நிமிஷம்" என்றார் ஏட்டு.

அப்படிச் சொல்லத்தான் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கத்தியைக் காட்டினார். இதுதானே என்றார். தலையாட்டினேன். ஏரிக்கரையில் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேட்டார். அந்த ஏரிக்கரையில் நான் கால் வைத்ததே இல்லை.

"நான் அங்க போகலைங்க. கத்தி ஸ்டேஷன்ல மேசை மேல இருந்துது."

"சத்தமா சொல்லுங்க" என்றார் நீதிபதி. மறுபடியும் சொன்னேன்.

பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து, தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவின் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. நான் நின்றுகொண்டே வந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் அவரே கேட்டார்.

"எவனாச்சும் மெரட்டினானா?"

"இல்லக்கா. நான் பாக்கவே இல்ல."

"அப்ப எதுக்குப்பா கையெழுத்து போட்ட?"

"மாட்டேன்னு சொல்ல கூச்சமா இருந்துது."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பொருட்படுத்தவில்லை.

"எம்பொண்ணும் அப்படித்தான். அவன் அடிக்கிறதை எங்கிட்ட சொல்ல கூச்சப்பட்டுக்கினே இருந்துது."

ஊர் வந்ததும் அக்கா முன்வாசலில் இறங்கினார், நான் பின்வாசலில் இறங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அவனை விடுதலை செய்தார்கள். கத்தியை யார், எங்கே எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தறிக்குப் பாவு நூல் வாங்கப் போகும்போது அக்காவின் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன்.