ஞாயிற்றுக்கிழமைக் கயாக்

மிளகாய் வத்தல் மொத்த வியாபாரத்தில் குத்தூசி விட்டுப் பார்க்காத மூட்டையை நம்பக் கூடாது. ஆரியசாலைக் கடைத்தெருவில் இருபது வருஷம் கடை நடத்தியதில் மனுஷரையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். எட்டு வருஷம் மொட்டைமாடியில் கிடந்த கயாக்கை மறுபடி கடலில் இறக்கியபோதும் இந்தப் புத்தி கூடவே வந்தது. வீட்டுக்குத் தெரியாமல் தூண்டில் முள் வாங்கி ஒளித்துவைக்கும் அன்பர்களே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மாடியில் நடந்த பேரம்

கயாக் என்றால் பிளாஸ்டிக்கில் ஒற்றை ஆள் தோணி, அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, துடுப்புதான். அதை நான் கழுவிக்கொண்டிருந்தபோதே என் மனைவி பகவதி மாடிக்கு வந்துவிட்டாள். என் தோள்பட்டை வலி, நாற்பத்தெட்டு வயசு, எல்லாவற்றையும் அடுக்கினாள். நானும் விடவில்லை. அதில் உட்கார்ந்தால்தான் வாரத்தில் ஒரு நாளாவது மனுஷனாக இருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். கயாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "சரி, போங்க. ஆனா ஒரு தடவ கவுந்தியள்னா மறுநாளே அத வித்துரணும், கேட்டியளா?"

போட்டியே இல்லை

கடைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குக் கார் மேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு போனேன். படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. அந்தக் கரைக்காரர்கள் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். எனக்குப் பரம சந்தோஷம், மீன் அத்தனையும் எனக்கே!

வெள்ளைச் சட்டையும் வெள்ளை முண்டு வேட்டியுமாக ஒருவர் என் பக்கம் வந்தார். சிலுவதாசன் என்று பெயர், அங்கே படகு வைத்திருப்பவர். மருந்துக்கும் சிரிப்பில்லை. "மொதலாளி, ஞாயறாழ்ச்ச எறங்க வேண்டா, கேட்டோ. வேற நாள் வாங்க."

என் மூளை

நமக்கா தெரியாது! ஞாயிறு அன்று பாரை மீன் கரையோரம் வரும்போல, அந்த இடத்தை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். வீம்புக்கே இறங்கினேன். மனுஷன் போகவில்லை, மணலில் குந்திக்கொண்டு என்னையே பார்த்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நான் இடது பக்கம் துடுப்புப் போட்டால் அவர் தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

ஒருவேளை பகவதிதான் ஆள் வைத்திருக்கிறாளோ? சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குக் காவல் வைக்கணும்னா கடையிலல்லா வைப்பேன்!"

நாலாம் ஞாயிறு

அன்றுதான் நல்ல பாரை ஒன்று மாட்டியது. ஆசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை விட்டேன், அவ்வளவுதான், கயாக் கவிழ்ந்தது. தூண்டில் போச்சு, மீனும் போச்சு. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்தது. நிமிர்த்தி மூன்று தடவை ஏறப் பார்த்தேன், தோள்பட்டை ஒத்துழைக்கவே இல்லை. கரைக்காற்று என்னை வெளியே தள்ளிக்கொண்டே போனது. கூப்பிட ஒரு படகு கிடையாது. நல்லா பயந்துவிட்டேன். பகவதி, பகவதி என்று கத்தினேன், பொய் சொல்வானேன்.

எஞ்சின் சத்தம் கேட்டது. சிலுவதாசனும் அவர் தம்பியும், சர்ச்சுக்குப் போகும் உடுப்போடு, தொப்பலாக நனைந்து வந்து என்னையும் கயாக்கையும் தூக்கிப் போட்டார்கள். கரையேறியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சந்தேகப்பட்டதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஞாயறாழ்ச்ச நீங்க விழுந்தா பாக்க கடல்ல ஒருத்தனும் கிடையாது. அதான் இருந்தேன். நாலு வாரமா எனக்குப் பூசை போச்சு, மொதலாளி."

வீட்டுத் தீர்ப்பு

மறைத்திருக்கலாம். அந்த மனுஷன் செய்ததைக் கேட்ட பிறகு மறைக்க மனசு வரவில்லை. பகவதியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கயாக்கை விற்க ஆள் பார்க்கிறேன் என்றேன். அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தோணி கிடக்கட்டும். அவரு ஒங்களுக்காக நாலு பூசைய விட்டாருல்லா? நீங்க அவருக்காக ஞாயித்துக்கிழமைய விடுங்க."

ஆகவே இப்போது செவ்வாய்க்கிழமை கடையைத் தாமதமாகத் திறந்து, விடிகாலையில் பத்துப் படகுக்கு நடுவே பத்திரமாகத் துடுப்புப் போடுகிறேன். பாரை மட்டும் ஏன் ஒன்றும் மாட்டுவதில்லை என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.