நல்ல கைக்குப் போட்ட கட்டு

காயமே இல்லாத கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மடையன், மாத்தளை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவன்தான் கிடைப்பான். அலைய வேண்டாம், இதை எழுதிக்கொண்டிருப்பவன்தான் அவன். அப்போது எனக்குப் பத்து வயது என்பதைச் சாக்காகச் சொல்லலாம். அதற்குப் பிறகு செய்த மடத்தனங்களுக்குத்தான் சாக்கு இல்லை.

நான் இடக்கைக்காரன். எழுதுவதும் பந்து எறிவதும் இடக்கையால் என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். சோறு அப்படியில்லை. எங்கள் ஆட்களிடம் சோற்றுக்கு வலக்கை மட்டும்தான். உம்மா என் இடக்கையைத் தட்டித் தட்டி வலக்கைக்குப் பழக்கியிருந்தார். பழகினேன்தான், ஆனால் அது இரவல் கை மாதிரியே இருந்தது. பல்லேபொல பஸ்ஸில் ஒவ்வொரு ஹோல்டிலும் ஆட்கள் இறங்குவதைப் போல, தட்டிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் சோறு இறங்கிக்கொண்டே போகும்.

வீட்டில் இதனால் பாதகமில்லை. கல்யாண வீட்டில் சஹன் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, நடுவே பொரித்த கோழியை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. ஐந்து பேர் அரை முழத் தூரத்தில் நம் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முந்தின விருந்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள சாப்புடுதா, கோழி மாதிரி கெளறுதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் முந்தி நான் சிரித்தேன். முந்திச் சிரித்துவிட்டால் வலிக்காது என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடிப்பு பிழை.

இந்தக் கவலையெல்லாம் இல்லாத ஒருவன் இருந்தான். என் மாமா மகன். மாத்தளை டவுன்காரன், என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். சஹனில் உட்கார்ந்தால் அவனுக்கு மூன்று விரல் நுனி மட்டும்தான் நனையும். கொஞ்சமாக எடுப்பான், மெதுவாக மெல்லுவான், ஒரு பருக்கை விழாது. "எவ்வளவு அதபான, மரியாத தெரிஞ்ச புள்ள" என்று பெரியவர்கள் உருகுவார்கள். உம்மா அந்த உருக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வேளையும் எனக்குப் பரிமாறுவார்: "அவன்ட கையப் பாரு, ஒன்ட கையப் பாரு." அவன் கை ஒருநாள் கதவிடுக்கில் அகப்பட வேண்டும் என்று நான் துஆக் கேட்டேன். கபூலாகவில்லை; அந்தக் கை முழுசாகவே இருந்தது.

அப்படியிருக்க, பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் வந்தது. வாப்பா கட்டாரில் இருந்தார். உம்மா பெண்கள் பக்கம் போகுமுன் என் சட்டைக் கொலரை இழுத்து நிமிர்த்தி, "ஆம்புளப் பக்கம் நான் வர ஏலாது. மாப்புள வீட்டாக்கள் ஈப்பாங்க. மானத்த வாங்கிப் போடாதே" என்றார்.

நேரே கழிவறைக்குப் போனேன். வீட்டிலிருந்து களவாகக் கொண்டுவந்த துணிச் சுருளை வலக்கையில் சுற்றினேன். அழகுக்குக் கொஞ்சம் சிவப்பு மருந்தும் தெளித்தேன். காயம்பட்டவன் இடக்கையால் சாப்பிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு கணக்கில் மட்டும் ஏன் குறைகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சஹனில் மாமா, மாமா மகன், நான், மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். அவர்களில் தாடி வைத்த பெரியவர் என் கட்டைப் பார்த்துவிட்டார்.

"கைக்கு என்ன மகன்?"

"கொக்கோக் காய் வெட்டக்குள்ள கத்தி பட்டிச்சி."

"அல்லாவே! எத்தின தையல்?"

தையலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒம்பது," என்றேன்.

மாமா பதறிப்போனார். எனக்கோ ஒரே பெருமை. பிஸ்மி சொல்லி, என் அருமை இடக்கையைச் சோற்றை நோக்கி நீட்டினேன். தட்டத்தில் இருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

"பீச்சாங்கைய சஹன்ல போடாதீங்க மகன்!" என்றார் பெரியவர். "ஆறு பேரு தின்னுறதல்லவா!"

பத்து வயது மூளை தையல் வரை போகவில்லை, சஹன் வரை மட்டும் எப்படிப் போயிருக்கும்? மாமா தன் மகனைப் பார்த்து, "நீங்க ஊட்டி உடுங்க," என்றார்.

அவன் உடனே என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்து, சின்ன உருண்டையாக உருட்டி, என் வாய்க்குக் கொண்டுவந்தான். ஒரு பருக்கை விழவில்லை. "மாஷா அல்லாஹ்," என்றார் பெரியவர். ஊட்டுகிற பிள்ளைக்கென்று கோழிக்காலை முறித்து அவன் பக்கம் தள்ளினார். அதையும் அவன் பிய்த்து எனக்கே ஊட்டினான். அவர்கள் ஆட்களில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அந்தப் படம் பிறகு குடும்பத்தில் எல்லார் போனுக்கும் போனது. அதில் அவன் வானவர் மாதிரி இருக்கிறான். என் வாய் கராஜ் கதவு மாதிரித் திறந்திருக்கிறது.

கோழிக்கால் அவ்வளவு ருசியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வாயையும் அவன் மேல் எரிச்சலோடு விழுங்கினேன். தனக்கென்று அவன் ஒரு வாயும் எடுக்கவில்லை; அதற்கும் பாராட்டு.

அப்போது என் மூக்கில் ஈ உட்கார்ந்தது. வலக்கையால் விரட்டினேன். கட்டு நழுவி, உள்ளங்கை பளிச்சென்று வெளியே வந்தது. ஒன்பது தையல் அல்ல, ஒரு கீறலும் இல்லை. மற்றவர்கள் இனிப்புக்கு வந்த வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பார்த்தான். அவன் இடக்கையால் துணியின் நுனியை இழுத்துச் செருகிவிட்டு, "வாயத் தொற," என்றான்.

சொல்லிவிடுவான், நாளைக்குச் சொல்லிவிடுவான் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். சொல்லவேயில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அவனை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

உம்மாவுக்கு அவன் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தையல் கதை பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்பது தையலையும் அகப்பைக் காம்பாலேயே போட்டுத் தந்தார். போட்டு முடித்து, "எண்டாலும் அந்தப் புள்ள ஊட்டிச்சே!" என்று கண் கலங்கினார். அந்தக் கடைசி அடிதான் வலித்தது.

போன மாதம் தம்புள்ளைப் பக்கம் ஒரு மண்டபத்தில் குடும்பக் கல்யாணம். இப்போது சஹன் இல்லை, ஆளுக்கொரு தட்டு, கரண்டி. நான் குவியலாகப் போட்டுக்கொண்டு மாமா மகனைத் தேடினேன். உள்ளே எங்கும் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், நிறுத்தியிருந்த வேன்களுக்கு நடுவே, சுவரைப் பார்த்தபடி தனியாக நின்று அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் காலடி கேட்டதும் கை நின்றது.

அவ்வளவு காலம் கேட்காததை அங்கே கேட்டேன். "மச்சான், அண்டைக்கு அந்தக் கோழி முழுக்க எனக்கு ஊட்டினியே. நீ ஒரு வாயாவது தின்னல்லயே, ஏன்டா?"

அவன் திரும்பாமலே சொன்னான்: "ஆக்கள் பாத்தா எனக்குச் சோறு எறங்காதுடா."