வரிசையில் நின்ற எங்கள் கிழங்கு

தொழில் எங்கள் மலைக்கே வர வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தபோது, சின்னசேலத்தைத் தாண்டி ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில் வாசலில் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து எங்கள் ஊர் மரவள்ளிக் கிழங்கை ஏற்றி வந்த லாரி. எங்களுக்கு முன்னால் சாலைவரைக்கும் வரிசை. திடீரென்று உள்ளே அரவைச் சத்தம் நின்றது. பேரிங் போய்விட்டதாம்.

இன்றைக்கு அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கள் ஊர் மாவு மெஷினில் பெல்ட் அறுந்தால் வாங்கிவரச் சங்கராபுரம் போக வேண்டும்; அதை மாட்டத் தெரிந்த ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகும். இங்கேயோ, எதிர்ச்சாரி லேத் பட்டறைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து மில்காரர், வியாபாரத்தில் இந்த மில் முதலாளிக்குப் பரம எதிரி, தன் கிடங்கிலிருந்து பேரிங் கொடுத்தனுப்பினார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மெஷின் ஓடியது.

கிளஸ்டர் என்று கல்லூரியில் பரீட்சைக்காக எழுதியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒரே தொழில் ஓரிடத்தில் சேர்ந்தால் பட்டறை வருகிறது, சாக்கு தைப்பவர் வருகிறார், அரைத்த பிறகு மிஞ்சும் திப்பியை மாட்டுத் தீவனத்துக்கு வாங்க ஆள் வருகிறது. தனியாக நின்றால் தோற்கிற மில், கூட்டத்தில் நிற்பதாலேயே ஜெயிக்கிறது. என்ன அழகு! உடனே கோபமும் வந்தது. கிழங்கு எங்களுடையது. இந்தத் தெருவில் எங்களுக்கு என்று இருப்பது லாரி நிழல் மட்டும்.

எங்கள் முறை வந்தது. கூடையில் கிழங்கை அள்ளித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு எடை பார்த்தார்கள். அதில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று தெரியும். பாயிண்டை வைத்துத்தான் விலை. பிடுங்கிய கிழங்கு கிடக்கக் கிடக்கப் பாயிண்ட் இறங்கும்.

"பாயிண்ட் ரொம்பக் கம்மி. எப்பப் புடுங்கினது?" என்றார் எடை பார்த்தவர்.

"இப்பதாங்க, ரெண்டு மூணு நாளு" என்றார் என் அண்ணன்.

"மொகத்தப் பாத்தா போன மாசம் புடுங்கின மாரி இருக்குதே."

"எந்த மொகத்தங்க? கெழங்கு மொகத்தயா, எம் மொகத்தயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் கச்சிராயபாளையத்தில் லாரியை நிறுத்தியபோது சொன்னார். "அடுத்த தபாவும் இப்டின்னா நான் கேரளா போய்டறேன் பாப்பா. காபித் தோட்டத்துல ஆளு கேக்கறான். இங்க இன்னா இருக்குது?"

அவருடைய மகள் இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அப்பா எங்கே என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அடுத்த வாரமே கள்ளக்குறிச்சியில் தொழில் வளர்ச்சி பற்றி ஒரு கூட்டம் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சுவரில் மாவட்ட வரைபடம். கிளஸ்டருக்கு உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைப் பக்கம் வட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் மலைக்குப் பச்சை வர்ணம் அடித்து, மூலப்பொருள் பகுதி என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் மனிதர்கள் இல்லை, மூலப்பொருள்!

எழுந்து கேட்டேன். "மலையில ஏன் சார் வைக்கக் கூடாது?"

"மலையில கரண்ட் நெலையா இருக்காது, ரோடு சரியில்ல. எப்டிம்மா?" என்றார் அதிகாரி.

"அந்த ரெண்டையும் யாரு சார் குடுக்கணும்?"

"டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க" என்றார். கூடவே ஜவ்வரிசி வடை. வடையைத் தொடாமல் பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்தால் வேறொரு கோபம். எங்களிடம் ஒரு வழக்கம். மேட்டு நிலத்தைக் காடு என்போம்; ஒருவர் காட்டில் விளைந்த கிழங்கை ஊரே சேர்ந்து பிடுங்கும். கூலி கிடையாது, களியும் குழம்பும்தான். எல்லார் காடும் முடிந்த பிறகே லாரிகள் ஒன்றாக இறங்கும். ஒருவருடையதை முன்னால் அனுப்பினால் மரியாதைக் குறைவு. இதனால் முதலில் பிடுங்கிய கிழங்கு, கடைசிக் காட்டுக்காகக் காத்துக் கிடக்கும். மில் வாசலில் வரிசையும் நாங்களே உண்டாக்கியதுதான்.

"உன்னுத மட்டும் முன்னாடி அனுப்புண்ணா" என்று கத்தினேன்.

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரே கேரளா பஸ்ல உக்காந்துக்கினு போவும்போது ஊரு இன்னா சொல்லும்?"

"படிச்ச வாயி" என்றார் அண்ணன். "சரி, எனுக்குத் தெரில. நீ இன்னா பண்ணுவ, சொல்லு."

கத்திய வேகத்திலேயே எனக்குப் பதில் கிடைத்தது. அந்தத் தெருவில் நான் பார்த்த கூட்டத்தின் பலம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கிழங்கைப் பிடுங்கியதும் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். கலையாமல் அங்கேயே சீவி, வில்லையாக நறுக்கி, பாறையில் காயவைத்தால்? காய்ந்த கிழங்குக்கு அவசரமில்லை. விலை பிடிக்காவிட்டால் மூட்டையைத் திருப்பி எடுத்துவரலாம். லாரி நிழலில் உட்கார்ந்து கெஞ்ச வேண்டியதில்லை.

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "காயற வரைக்கும் இருக்கேன். பூசணம் புடிச்சா பையத் தூக்கிடுவேன்."

லேத் பட்டறைக்காரரிடம் பேசிவிட்டேன். மலைக்கு வந்து நறுக்கும் மெஷினை மாட்டித் தருவதாகவும், எங்கள் ஊர்ப் பையன்கள் இருவருக்குப் பழுது பார்க்கச் சொல்லித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். கரண்ட் நிலையாக இல்லாத ஊர் என்பதால் டீசல் இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்திலிருந்து பைக்கில் அவரை ஏற்றிவர வேண்டும். திங்கட்கிழமை ஊரே சேர்ந்து அண்ணன் காட்டில் பிடுங்கி, அங்கேயே நறுக்கப் போகிறோம். பாறையை இப்போதே பெருக்கி வைத்திருக்கிறோம்.